தாம்பரம் வண்டியில் கற்ற பாடம்

தாம்பரத்திலிருந்து சென்னைக் கடற்கரை நிலையத்திற்கு 1931ஆம் ஆண்டு முதல் மின்சார வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அவ்வண்டியில் நாம் எண்ணற்ற முறை பயணம் செய்திருக்கிறோம். பல்லாவரத்துக் குன்றும் பரங்கிமலையும் வழியில் தோன்றி மறையும். அவை வரலாற்று ஏட்டின் பக்கங்கள் என்பதை நமக்கு உணர்த்தியவர், நம்மிடம் ஓதிக்கொண்டிருந்த ஓர் இளம் மாணவர்.

ஒருநாள் பாடத்தின் இடையே, கான் சாகிபு எனப் புகழ்பெற்ற முகம்மது யூசுப் கானைப் பற்றிக் கூறினோம். வெள்ளையரை எதிர்த்துத் தூக்குமேடை ஏறிய வீரர் என்று உணர்ச்சி பொங்க எடுத்துரைத்தோம். மாணவர் கண்களிலும் பெருமிதம் ஒளிர்ந்தது. மறுவாரம் அவர்களுள் ஒருவர் தயங்கியவாறு எழுந்து, “ஹழ்ரத், பரங்கிமலையில் அவர் வெள்ளையருக்காகவல்லவா போரிட்டிருக்கிறார்? நூலகத்தில் படித்தேன்” என்றார். நாம் வாயடைத்து நின்றோம்.

அவர் சொன்னது உண்மையே. மருதநாயகமாகப் பிறந்து இஸ்லாத்தைத் தழுவிய யூசுப் கான், கும்பினியின் சிப்பாய்ப் படைத் தளபதியாக விளங்கியவர். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, செங்கற்பட்டுப் பக்கமிருந்து பிரெஞ்சுப் படையை ஓயாது அலைக்கழித்தவர்களுள் அவரும் ஒருவர். 1759 பிப்ரவரி 9ஆம் நாள் பரங்கிமலையில் நடந்த கடும்போரிலும் கும்பினியின் பக்கம் நின்றார். சில நாள்களில் முற்றுகை நீங்கியது. பின்னர் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆளும் பொறுப்பைப் பெற்று, பூலித்தேவர் முதலான பாளையக்காரர்களையும் அடக்கினார். 1763இல்தான் கும்பினியையும் ஆர்க்காட்டு நவாபையும் எதிர்த்து எழுந்தார். உடனிருந்தோரே காட்டிக்கொடுக்க, 1764 அக்டோபர் 15ஆம் நாள் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். அவரது உயிரைக் கேட்டு நின்ற நவாப் முகம்மது அலியும் ஒரு முஸ்லிமே.

நாம் சொன்னது பொய்யன்று. ஆயினும் அது பாதி உண்மை. ஹதீஸ் ஒன்றைக் கேட்டால், அதனை அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்று இஸ்னாதைத் துருவித் துருவி ஆராயும் மரபில் வந்தவர்கள் நாம். வரலாறு கூறும்போது மட்டும் அந்த உரைகல்லைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டோம்! நமக்கே பாதகமாயினும் நீதியுடன் சாட்சி பகருமாறு திருமறை பணிப்பதை அன்று நாம் நமக்கே ஓதிக்கொண்டோம்.

அதன்பின் சன்னலோரக் காட்சிகள் வேறாயின. பல்லாவரத்தில் 1863 மே 30ஆம் நாள் இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியல் அறிஞர் சரளை மண்ணிடையே ஒரு கல்லைக் கண்டெடுத்தார். கற்கால மனிதன் செதுக்கிய கைக்கோடரி அது. இந்தியாவில் மனிதனின் தொன்மையை ஆராய்வதற்கு அக்கல்லே வாயில் திறந்தது. அவ்வாண்டிலேயே அத்திரம்பாக்கத்திலும் இத்தகைய கருவிகள் கிடைத்தன. அவ்வூர்க் கருவிகளின் வயது ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என 2011இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

அதே பல்லாவரத்துக் குன்றில் ஐந்து அறைகள் கொண்ட குடைவரை ஒன்றுண்டு. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்தது. அம்மன்னனின் பட்டப்பெயர்கள் அங்குப் பொறிக்கப்பட்டுள்ளன. காலப்போக்கில் அது முஸ்லிம்களின் தர்காவாயிற்று. அங்குச் செல்லும் நம் குடும்பத்தார் அதனைக் குடைந்தவர் யாரென்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். பல்லவன் பெயரைச் சொல்வதால் நமக்கு ஏதும் குறைந்துவிடாது, மறைத்தால்தான் குறையும்.

வண்டி கடற்கரையை அடையும்போது போர்க்காலம் நினைவில் எழும். 1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பானியர் குண்டு வீசினர். ஜப்பானியக் கப்பற்படை சென்னையை நோக்கி வருகிறது என்றொரு செய்தி பரவ, நகரமே கலைந்தது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு இடம்பெயர்ந்தன. கூண்டுகள் உடைந்தால் ஊருக்குள் புகுந்துவிடும் என்றஞ்சி, விலங்குக்காட்சிச் சாலையிலிருந்த சிங்கம், புலி முதலியவற்றைச் சுட்டுக் கொன்றனர். கப்பற்படையோ வரவே இல்லை! 1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பானிய விமானம் வந்து குண்டு வீசிச் சென்றபோது பலர் அதனை அறியவுமில்லை. ஆராயாத செய்தி ஓர் ஊரையே பெயர்த்துவிடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மறுநாள் அம்மாணவரை அழைத்து, வகுப்பின் முன்னிலையில் நம் பிழையை ஒப்புக்கொண்டோம். கான் சாகிபின் வரலாற்றை முதலிலிருந்து முழுமையாகச் சொன்னோம். மாணவரின் பெருமிதம் குன்றிவிடுமோ என்ற அச்சம் நமக்கு இருந்தது. ஆனால், முன்னைவிட ஆழ்ந்த அமைதியுடன் கேட்டனர். முன்னைவிட மிகுதியாக வினவினர்.

பெற்றோர்களே! பிள்ளைகளுக்கு முன்னோர் கதையைச் சொல்லுங்கள், முழுக்கதையாகச் சொல்லுங்கள். அவர்கள் குறுக்கே வினவினால் கடிந்துகொள்ளாதீர்கள். மெய்யை மெய்யாகக் கண்டு உரைக்கும் துணிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன்.