கூரை

கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்த அப்பா 2001-இல் ஹோண்டா சிட்டி விடெக் வாங்கினார். 1.5 லிட்டர் இன்ஜின், 106 குதிரைசக்தி. அன்று அது வேகப்பிரியர்களின் வண்டி. மெதுவாகப் போகும்போது வால்வுகள் கொஞ்சமாகத் திறக்கும். சுற்று ஏறியதும் உயரமான கேம் வேலையை எடுத்துக்கொள்ள, அவை அகலத் திறக்கும். சத்தமே மாறிவிடும். அதைக் கேட்பதற்காகவே பொள்ளாச்சிச் சாலையில் அப்பா கியரை மாற்றாமல் பிடித்து வைத்திருப்பார். பக்கத்தில் தம்பி. நானும் அம்மாவும் பின்சீட்டில், கறுப்பு ஃபிலிம் ஒட்டிய கண்ணாடிக்குள். "பொம்பளைங்க வர்ற வண்டி" என்று அப்பா நின்று ஒட்டவைத்தது. தம்பிக்கு 18 வயது முடிந்த வாரம் சாவி அவன் கைக்குப் போனது. நான் அப்போது முனைவர் பட்ட ஆய்வில் இருந்தேன். ஓட்டுகிறாயா என்று என்னை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

2011-இல் அப்பா போனார். பூர்வீகத் தோட்டம் நாலு ஏக்கர். அன்று மணமாகாதிருந்த மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று தமிழ்நாடு 1989-இலேயே சட்டம் செய்துவிட்டது. வகுப்பில் பெண்ணெழுத்து நடத்துகிற எனக்கு இது தெரியாதா? தெரிந்துதான் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். "நாளைக்கு வந்து போகத் தாய்வீடுன்னு ஒண்ணு வேணுமல்ல கண்ணு" என்றார் அம்மா. பழைய காரை யாரும் கேட்கவில்லை. "அக்கா எடுத்துக்கட்டும்" என்றான் தம்பி.

33 வயதில் ஓட்டக் கற்றேன். அடுத்த ஆண்டு, 2012-இல், கார்க் கண்ணாடிகளில் ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பிளேடு வைத்து நானே சுரண்டினேன். 11 ஆண்டுப் பசை, லேசில் வரவில்லை. மதிய வெயில் உள்ளே விழுந்தபோதுதான் பின்சீட்டில் அம்மா உட்காரும் இடம் மட்டும் துணி தேய்ந்து கிடப்பது தெரிந்தது.

தோட்டத்தில் பாதியை விற்ற 2018-இல் தம்பி மினி கூப்பர் எஸ் கன்வர்ட்டிபிள் வாங்கினான். இரண்டு லிட்டர் டர்போ, 192 குதிரைசக்தி. "ஓட்டிப் பாருங்கக்கா" என்று சாவியை நீட்டினான், மனசு நல்லவன்தான். பொத்தானை அழுத்தினால் 18 வினாடியில் துணிக்கூரை மடிந்து பின்னால் போகிறது. வேகத்தில் இதன்முன் சிட்டி நிற்காது. மிதித்ததும் முதுகைத் தள்ளுகிறது. சிட்டியில் அந்தத் தள்ளலுக்குச் சுற்று ஏறும்வரை காத்திருக்க வேண்டும், கியர் போட்டுச் சம்பாதிக்க வேண்டும். ஆனால் மேடுபள்ளத்தில் மினியின் முன்கண்ணாடிச் சட்டம் லேசாக நடுங்குகிறது. காரின் உடல்பலத்தில் கூரைக்கும் பங்குண்டு. அதை வெட்டியெடுத்தால் அடித்தளத்தில் கூடுதல் இரும்பு சேர்த்துத்தான் ஈடுகட்ட வேண்டும். கூரையைத் திறந்துவிட்டால் டிக்கியில் 160 லிட்டர்தான் இடம். விடைத்தாள் கட்டுகள் சில வைத்தால் தீர்ந்தது.

அவிநாசி சாலை சிக்னலில், பைக்கில் வந்த இரண்டு பையன்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். என் மாணவர்கள் வயதுதான். என் கை தானாகப் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகியது. ஃபிலிமைச் சுரண்டிய அதே கை. ஊரைத் தாண்டி, பாலக்காட்டுக் காற்று தலையில் இறங்கியபோது நான் சத்தமாகச் சிரித்தேன் என்பதையும் மறைக்கப் போவதில்லை. தம்பி மனைவி அதில் கூரை திறந்து போய் நான் பார்த்ததில்லை. வெயில் என்கிறாள்.

"எது நல்லா இருக்குக்கா?" என்று கேட்டான் தம்பி. "உன்னுதுதான்" என்றேன். பொய்யில்லை. விற்ற நிலத்தில் என் பங்கு எவ்வளவு வந்திருக்கும் என்று முதன்முதலாகக் கணக்குப் போட்டது அன்றிரவுதான்.

சிட்டியைக் காயலான் கடையில் போடச் சொல்லி இப்போதும் சொல்கிறான். 15 ஆண்டு கடந்த காருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2016-இல் போய் வரிசையில் நின்றேன், 2021-இலும். சான்றில் உரிமையாளர் என்று என் பெயர் இருக்கிறது. இன்னாரின் மகள் என்ற இடத்தில் அப்பா பெயர்.