சுபுஹுக்குப் பிறகு

சுபுஹு தொழுதுவிட்டு, தொழுகைப் பாயைச் சுருட்டி வைத்த கையோடு லேப்டாப்பைத் திறப்பேன். பிள்ளைகள் எழும்பும்வரை அந்த நேரம் என்னுடையது. சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய இணையவழி டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பைப் படிக்கிறேன். ஜேஇஇ தேவையில்லை, நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேர்க்கை. பாடம் வீட்டில், தேர்வு மட்டும் நேரில். டிப்ளமோ கட்டத்தோடு நிறுத்திக்கொள்ளவும் வழியுண்டு. குடும்பப் பெண்களுக்கு எவ்வளவு பெரிய தெம்பு!

புள்ளியியல் மிரட்டும் நாட்களில் துஆ கேட்டுவிட்டு அதே கணக்கை மறுபடி போடுவேன். பதற்றம் அடங்கிவிடும், பாதி வெற்றி அதுதான்.

ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். இந்தப் படிப்பில் பைத்தான் நிரல்மொழி கற்ற பிறகு எல்லாக் கிளைகளின் சரக்குக் கணக்கையும் முதலாளி என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ்! அடுத்த சேர்க்கைக்கு நாத்தனாரையும் விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன்.