ஒரே பெயர், ஒரே ஊசி

என் தந்தையாரும் அயல்வீட்டுச் சுருட்டுத் தொழிலாளி ஒருவரும் 2016ஆம் ஆண்டில், ஒரு மாத இடைவெளியில், ஒரே நோயின் பெயரைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்பினர். புரொஸ்டேட் சுரப்பியிற் புற்று. இருவருக்கும் ஒரே ஊசி ஏற்றப்பட்டது. இருவரும் ஒரே பஸ்ஸில் வைத்தியசாலைக்குச் சென்று வந்தனர். இரண்டாண்டு கழிவதற்குள் நோய் முள்ளந்தண்டுக்கேறி ஐயா மறைந்தார். அயல்வீட்டுப் பெரியவரோ இன்றும் மாலைவேளையில் எங்கள் படலையடியில் நின்று பத்திரிகைச் செய்திகளைப் பற்றி வாதாடுகிறார்.

“அதே ஊசிதானே மோனை? அவருக்குப் பிடிச்சுது, இவருக்கேன் பிடிக்கேல்லை?”

அம்மாவின் இக்கேள்விக்கு உறவினரிடம் விடைகள் நிறைய இருந்தன. ஆட்டிறைச்சி என்றார் ஒருவர். முன்வினை என்றார் இன்னொருவர். நேர்த்திக்கடனை மறந்ததன் பலன் என்று சொன்னவர் படித்த மனிதர், ஓய்வுபெற்ற உத்தியோகத்தர். இவ்விடைகள் யாவும் நோயாளியையோ அவருக்குச் சமைத்துப் போட்டவரையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவன. அம்மா மறுப்பேதுமின்றி அக்கூண்டில் ஏறி நின்றுகொண்டார்.

தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றவன் நான். விஞ்ஞானம் என் துறையன்று. எனினும் கூண்டிலிருந்து அவரை இறக்கவேண்டும் என்ற எண்ணத்தால் எங்கள் கல்லூரி உயிரியல் ஆசிரியரை நாடினேன். பழைய பரீட்சைத் தாளொன்றின் பின்புறத்திற் படம் வரைந்து அவர் விளக்கினார். ‘விகாரம்’ என்ற சொல்லை அவர் உச்சரித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று காலையிற்றான் பத்தாந் தரத்தினருக்கு விகாரப் புணர்ச்சி கற்பித்திருந்தேன்.

ஆனால் படத்தைப் பார்க்கப் பார்க்க, அது வெறுஞ் சொல்லொற்றுமையன்று என்பது புலனாயிற்று. மனிதனின் 21ஆம் நிறமூர்த்தத்தில் ரி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2, ஈ.ஆர்.ஜி. என இரு பரம்பரையலகுகள் ஏறத்தாழ முப்பது இலட்சம் எழுத்துக்கள் இடைவிட்டு இருக்கின்றன. முன்னது ஆண் ஓமோனின் கட்டளைக்குப் பணிந்து இயங்குவது. பின்னது புரொஸ்டேட் கலத்தில் வழக்கமாக அடங்கிக் கிடப்பது. பல கட்டிகளில் இடைப்பகுதி கெட்டு, முன்னதன் தலைப்பகுதி நிலைமொழியாகவும் பின்னது வருமொழியாகவும் புணர்ந்துவிடுகின்றன. அதன்பின் ஓமோன் இடும் ஒவ்வொரு கட்டளையும் ஈ.ஆர்.ஜி.யைத் தட்டியெழுப்புகிறது. மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் குழுவினர் 2005இல் வெளிப்படுத்திய உண்மை இது.

பத்தாண்டுகளின் பின், 2015இல், அமெரிக்க ஆய்வுத் திட்டமொன்று 333 கட்டிகளை ஆராய்ந்து ஏழு வகைகளைக் கண்டது. நூற்றுக்கு 46 இப்புணர்ச்சி உடையவை. நூற்றுக்கு 11இல் எஸ்.பி.ஓ.பி. என்ற அலகு விகாரமடைந்திருந்தது. கழிக்கப்படவேண்டிய புரதங்களுக்கு அடையாளமிடும் காவலாளி அது. அடையாளமிட ஆளில்லாதபோது அப்புரதங்கள் குவிந்து கலத்தைத் தூண்டுகின்றன. இவ்விரு வகைகளும் ஒரே கட்டியிற் சேர்ந்திருப்பது அரிது. நூற்றுக்கு 26 கட்டிகள் எவ்வகையிலும் அடங்கவில்லை. நன்னூலாருக்கும் புறனடை தேவைப்பட்டதல்லவா?

ஆக, ‘ஒரே நோய்’ என்பதே நம் அறியாமை சூட்டிய பெயர். ஊசியின் மூதாதையும் பழையவர்தாம். ஆண் ஓமோனைத் தடுத்தால் இப்புற்று ஒடுங்கும் எனச் சிக்காக்கோவிற் சார்ள்ஸ் ஹகின்ஸ் 1941இற் காட்டினார். 1966இல் நோபெல் பரிசு பெற்றார். ஆனால் கட்டி ஓமோன் வறட்சியிலும் வாழப் பழகிக்கொள்கிறது. ஒன்று மாதங்களிற் பழகுகிறது. மற்றொன்று பல்லாண்டு அடங்கிக் கிடக்கிறது.

இன்னொன்றும் என் மனத்தை உறுத்திற்று. அந்த 333 பேரிற் பெரும்பாலோர் வெள்ளையர். சீன நோயாளர் 208 பேரின் கட்டிகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்விலோ, அமெரிக்கத் தொகுப்பில் மிகச் சிறு பிரிவாயிருந்த எவ்.ஓ.எக்ஸ்.ஏ.1 விகாரம் நூற்றுக்கு 41இற் காணப்பட்டது. எவருடைய உடல் ஆராயப்படுகிறதோ அவருடைய உடலே இலக்கணமாகிறது, ஏனையோர் புறனடையாகிறோம்.

ஐயாவின் கட்டி எவ்வகை? எவரும் சோதிக்கவில்லை. கேட்கலாம் என்பதை நாங்கள் அறிந்திருக்கவுமில்லை. புற்று உடலெங்கும் பரவிய 692 ஆண்களை ஆராய்ந்தோர், நூற்றுக்குப் பன்னிருவர்வரை பழுதுபார்க்கும் பரம்பரையலகொன்றிற் பிறவியிலேயே குறையுடையவர் என 2016இல் அறிவித்தனர். அவற்றுள் முதன்மையானது பி.ஆர்.சி.ஏ.2. அத்தகைய கட்டிகளுக்கு உதவும் ஒலாபரிப் என்ற மாத்திரையை அமெரிக்கா 2020இல் அங்கீகரித்தது. ஐயா இறந்தது 2018இல்.

சென்ற ஞாயிறு அடுக்களைத் திண்ணையிலிருந்து இவற்றை இயன்றவரை எளிய மொழியில் அம்மாவிடம் சொன்னேன். இறைச்சியிற் பிழையில்லை, ஊசியிற் பிழையில்லை, உங்களிலும் பிழையில்லை என்றேன். சிலருக்கு இது குருதிவழி வருவதுண்டு, பெண்களில் அதே குறை மார்பிலும் சூலகத்திலும் புற்றாகக்கூடும் என்பதையும் மறைக்கவில்லை.

அம்மா அரிசி பிடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“அப்ப தங்கச்சிக்கு?”

தங்கை அடுத்த விடுமுறைக்கு வருகிறாள். அவளுக்குக் கடிதம் எழுதத் தொடங்கி, இரண்டாம் பந்தியில் நின்றிருக்கிறேன்.