காய்ச்சல் என்றொரு சொல்

விடுப்புக் கடிதங்களைப் படிப்பதிலேயே என் ஆசிரிய வாழ்வின் பெரும்பகுதி கழிந்தது என்று சொன்னால் அது மிகையாகாது. "காய்ச்சல் காரணமாக" என்னும் தொடரை நம் பிள்ளைகள் இலக்கணம் கற்குமுன்பே எழுதக் கற்றுவிடுகிறார்கள். பெருநாளுக்கு மறுநாளும், பொங்கலுக்கு மறுநாளும், ஊரில் கந்தூரி நடக்கும் நாளிலும் வகுப்பு முழுவதும் காய்ச்சல் பரவுவதைக் கண்டு நான் நகைத்ததுண்டு. ஆனால் சென்ற ஆண்டு என் தங்கை மகள் தொலைபேசியில் கேட்ட ஒரு வினா அந்த நகைப்பை என் உதட்டிலிருந்து அகற்றிவிட்டது.

அவள் ஒரு விமான நிறுவனத்தில் பணிப்பெண். தம்பியின் நிக்காஹுக்காக மூன்று நாள் ஓய்வு வேண்டுமென்று இரண்டு மாதங்களுக்கு முன்பே விண்ணப்பித்திருந்தாள். ரோஸ்டர் என்னும் பணிப்பட்டியல் வெளியானபோது அந்த மூன்று நாளும் அவளுக்குப் பறக்கும் பணியே குறிக்கப்பட்டிருந்தது. மீண்டும் கேட்டாள். ஆள் போதாது என்று மறுமொழி வந்தது.

"மாமா, கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் ஒரே யோசனைதான் சொல்கிறார்கள். அன்றைக்குக் காலையில் காய்ச்சல் என்று சொல்லிவிடு, யாரும் ஒன்றும் கேட்க முடியாது என்கிறார்கள். சொல்லட்டுமா? அது பாவமா?"

பொய் பொய்தான் என்று உடனே தீர்ப்புரைத்திருக்கலாம். என் நா எழவில்லை. "நாளைக்குச் சொல்கிறேனம்மா" என்று மட்டும் கூறி வைத்தேன்.

யாரும் ஒன்றும் கேட்க முடியாது என்று அவர்கள் சொன்னதில் உண்மை உண்டு. பறக்கும் விமானத்தின் உட்புறக் காற்றழுத்தம் ஏறத்தாழ 8000 அடி உயர மலையில் நிற்பதற்கு ஒப்பானது. சாதாரண ஜலதோஷத்தோடு ஏறியவருக்கு, விமானம் இறங்கும்போது அடைபட்ட காதின் உள்ளும் புறமும் அழுத்தம் சமப்படாமல் செவிப்பறையே கிழியக்கூடும். ஆபத்து வேளையில் பயணிகளை வெளியேற்ற வேண்டியவர் தாமே நோயாளியாக இருத்தலாகாது. ஆகவே உடல்நலமில்லை என்று ஒரு பணியாளர் சொன்னால் அவரைப் பறக்கச் சொல்வது முறையன்று. அதே வேளையில் 50 இருக்கைகளுக்கு ஒரு பணியாளர் என்பது நம் நாட்டு விதி. 180 இருக்கைகள் உள்ள விமானத்துக்கு நால்வர் வேண்டும். ஒருவர் குறைந்து, மாற்றாளும் கிடைக்காவிட்டால் அவ்வளவு பயணிகளும் நிலத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

கேள்வியின்றி நம்பப்பட வேண்டிய சொல் என்பதாலேயே அது வலிமையான ஆயுதமாகவும் ஆகிவிடுகிறது. 2009 செப்டம்பரில் ஜெட் ஏர்வேஸ் விமானிகள், சங்கம் அமைத்த தம் தோழர்கள் நீக்கப்பட்டதை எதிர்த்து, கூட்டமாக நோய் விடுப்பில் சென்றனர். 2024 மே மாதம் 7ஆம் நாள் இரவு தொடங்கி ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் பணியாளர்கள் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் உடல்நலமில்லை என்று அறிவித்தனர். அவர்களுடைய மனக்குறை விடுப்பைப் பற்றியதன்று. நிறுவன இணைப்பின்போது தாங்கள் சமமாக நடத்தப்படவில்லை என்பது அது. நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் நின்றன. வளைகுடாவுக்குச் செல்லக் கேரளத்து விமான நிலையங்களில் காத்திருந்தவர்களில், விசா முடியும் நாளை எண்ணிக்கொண்டிருந்தவர்களும் உண்டு. அவர்கள் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்தவர்களல்லர். நிறுவனம் சிலரைப் பணிநீக்கம் செய்தது. மே 9ஆம் நாள் புதுதில்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் உடன்பாடு ஏற்பட்டு, நீக்கப்பட்டவர்களும் திரும்ப அழைக்கப்பட்டனர்.

இவர்கள் ஏன் வெளிப்படையாக வேலைநிறுத்தம் செய்யவில்லை என்று வாசகர்கள் கேட்கலாம். அந்நாளில் நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டம் விமானப் போக்குவரத்தைப் பொதுப்பயன் பணியாக வகுத்திருந்தது. முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். கொடுத்த பின்னும் பதினான்கு நாள் பொறுக்க வேண்டும். சமரசப் பேச்சு நடக்கும்போது நிறுத்தம் கூடாது. நோய்க்கு இத்தகைய நிபந்தனை எதுவும் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலுறவுச் சட்டத்தொகுப்போ, பாதிப்பேரோ அதற்கு மேற்பட்டோரோ கூடிப்பேசி ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அதனை வேலைநிறுத்தம் என்றே கொள்கிறது. வாசல்கள் ஒவ்வொன்றாக அடைபடும் வீட்டில் மனிதர்கள் சாளரத்தைத் தேடுவது வியப்பன்று.

அன்றிரவு இஷாவுக்குப் பின் உறக்கம் வரவில்லை. பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் அரபு வினைச்சொற்களே நினைவில் சுழன்றன. 'மரிள' என்றால் நோயுற்றான். அதே வேரை வேறோர் அச்சில் வார்த்தால் 'தமாரள': நோயுற்றவன்போல் நடித்தான். அந்த அச்சில் வார்த்த இன்னொரு சொல் 'தஜாஹல'. அறியாதவன்போல் நடித்தான் என்பது அதன் பொருள். இரண்டையும் அடுத்தடுத்துக் கரும்பலகையில் எழுதியே எத்தனையோ ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். ஒன்று மற்றொன்றைப் பெற்றெடுக்கும் என்பது மட்டும் அன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. தம்பியின் நிக்காஹ் என்பது மேலாளருக்குப் புரியாத செய்தியா? புரிந்தும் புரியாதவர்போல் இருந்தார். அவர் தஜாஹல செய்ததால் இவள் தமாரள செய்யும் நிலைக்கு வந்தாள்.

இப்ராஹீம் நபி (அலை) அவர்கள், திருவிழாவுக்கு அழைத்த தம் மக்களிடம், தாம் நோயுற்றிருப்பதாகக் கூறிப் பின்தங்கிய வரலாறு திருமறையின் ஸாஃப்பாத் அத்தியாயத்தில் வருகிறது. வாய்மையே உருவான நபி அவ்வாறு கூறியது எங்ஙனம் என்று விரிவுரையாளர்கள் பெரிதும் ஆராய்ந்துள்ளனர். மக்களின் சிலைவணக்கம் கண்டு உள்ளம் நொந்திருந்ததையே அவ்வாறு குறித்தார்கள் என்பது ஒரு விளக்கம். உள்ளம் நொந்தவளும் நோயாளிதானே என்று இவளுக்கு எடுத்துக்கொடுக்கலாமா என ஒரு கணம் எண்ணினேன். உடனே வெட்கமுற்றேன். நபியவர்கள் பின்தங்கியது ஓரிறைக் கொள்கையை நிலைநாட்ட. நாம் பின்தங்குவது பிரியாணி விருந்துக்கு!

மேலும், அந்தத் தீர்ப்பைச் சொல்ல நான் தகுதியுடையவன்தானா? 1997இல் நான் ஒரு சிற்றூர் மதரஸாவில் இளைய ஆசிரியனாக இருந்தேன். தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது. ஏழாம் நாள் அகீகாவுக்குப் போய்வர ஒருநாள் விடுப்புக் கேட்டேன். தேர்வு நேரம் என்று தலைமை ஆசிரியராகிய ஹஜ்ரத் மறுத்துவிட்டார்கள். மறுநாள் விடியலில், காய்ச்சல் என்று ஒரு சீட்டெழுதி மாணவனிடம் கொடுத்தனுப்பிவிட்டுப் பேருந்து ஏறினேன். நோயாளியை நலம் விசாரிப்பது எவ்வளவு பெரிய நன்மை என்று அந்த ஹஜ்ரத்திடமே பாடம் கேட்டவன் நான். அதை எப்படி மறந்தேனோ! அன்று அஸருக்குப் பின் அவர்கள் ஒரு ரொட்டியும் நான்கு சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு நடந்தே வந்திருக்கிறார்கள். கதவைத் திறந்த என் மனைவி பேசாமல் தலைகுனிந்து நின்றாள். அவர்களும் எதுவும் கேட்காமல் பையைத் திண்ணையில் வைத்துவிட்டுச் சென்றார்கள்.

மறுநாள் வகுப்புகள் முடியும்வரை அவர்கள் என்னிடம் அதுபற்றிப் பேசவில்லை. புறப்படும்போது அழைத்தார்கள். "மௌலவி, நோயாளியைப் பார்க்கப் போன நன்மை எனக்குக் கிடைத்துவிட்டது. நோயாளிதான் கிடைக்கவில்லை" என்று சிரித்தார்கள். பிறகு முகம் மாறியது. "தேர்வு என்று மறுத்தேனே தவிர, என்ன காரியம் என்று உம்மிடம் கேட்கவில்லை. அந்தப் பிழை என்னுடையது. பொய் உம்முடையது. ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்வோம்."

அன்று அகீகா நடந்த குழந்தைதான் இன்று என்னிடம் வினவியவள்.

நான் வாழும் சேதராப்பட்டில் இதன் மறுபக்கத்தையும் காண்கிறேன். தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிந்து, தம் பிள்ளைகளை அழைத்துப்போக மாலையில் வரும் தந்தையரில் ஒப்பந்தக் கூலிகள் பலர். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. இரண்டு நாள் போகாவிட்டால் அந்த இடத்தில் இன்னொருவர் நிற்பார். ஒரு மாலை அவர்களில் ஒருவரின் கையைப் பற்றி ஸலாம் சொன்னேன். கை கொதித்தது. "காய்ச்சலோடா வேலைக்குப் போனீர்கள்?" என்றேன். "ஒன்றுமில்லை ஹஜ்ரத், நல்லாத்தான் இருக்கிறேன்" என்றார். அதுவும் பொய்யே. அங்கே நலமுள்ளவள் நோய் என்று சொல்ல நினைக்கிறாள். இங்கே நோயாளி நலம் என்று சொல்கிறார். விடுப்பு மறுக்கும் ஒரே கை இரண்டு பொய்களையும் எழுதுகிறது. போலி நோயாளிகள் பெருகப் பெருக, மெய்யான நோயாளியும் சந்தேகத்தோடு பார்க்கப்படுகிறான்.

வெளிப்படையாகக் கேட்டு அதற்கு உயிரையே விலையாகக் கொடுத்தவர்களின் மண் இது. பிரெஞ்சு ஆட்சியின்போது 1936 ஜூலை 30 அன்று, புதுச்சேரி சவானா ஆலையில் உரிமை கேட்டு நின்ற தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நடந்து பன்னிருவர் மாண்டனர். எட்டு மணி நேர வேலை என்னும் சட்டம் அதன் பின்னரே இங்கு வந்தது. இன்று எந்த அலுவலகத்திலும் துப்பாக்கி இல்லை. ஆயினும், "என் தம்பிக்கு நிக்காஹ், நான் போக வேண்டும்" என்று ஒரு பெண் நேர்நின்று சொல்வதை விடக் "காய்ச்சல்" என்பது எளிதாக இருக்கிறது என்றால், நாம் வந்த தொலைவு போதாது என்றே கொள்ள வேண்டும்.

மறுநாள் அவளிடம் ஹஜ்ரத்தின் கதையை முழுவதும் சொன்னேன். "பொய் வேண்டாமம்மா. மேலதிகாரிக்குக் காரணத்தை விளக்கி எழுது. பணியை மாற்றிக்கொள்ள ஒரு தோழியையும் தேடு" என்றேன். எழுதினாள். தோழியும் இசைந்தாள். மூன்று நாளில் கடைசி ஒருநாளை மட்டும் மாற்ற இசைவு கிடைத்தது. நிக்காஹ் நடந்த வேளையில் அவள் யாரோ ஒருவருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு வானத்தில் இருந்தாள். மறுநாள் வலீமாவுக்குத்தான் வந்து சேர்ந்தாள், கண்கள் சிவந்திருந்தன. "பொய் சொல்லவில்லை, மாமா" என்றாள். அச்சொல்லில் பெருமையும் இருந்தது, வருத்தமும் இருந்தது. நான் தலைகுனிந்தேன். உண்மை பேசும்படி சொன்னவன் நான். அதற்கு விலை கொடுத்தவள் அவள். உபதேசம் செய்வோர் இந்தக் கணக்கை மறத்தலாகாது.

என்னால் ஆனதை மட்டும் செய்தேன். எங்கள் மதரஸாவின் விடுப்பேட்டில் காரணம் எழுதும் கட்டம் ஒன்று இருந்தது. ஆண்டுக்கு ஆறு நாள்களுக்கு அதை நிரப்ப வேண்டியதில்லை என்று ஆசிரியர்களிடம் அறிவித்தேன். முன்கூட்டிச் சொன்னால் போதும். அன்று வகுப்பை நான் பார்த்துக்கொள்வேன். சென்ற மாதம் இளைய ஆசிரியர் ஒருவர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு ஒருநாள் எடுத்துக்கொண்டார். திரும்பி வந்தபோது அவராகவே, "மனைவியைக் கடற்கரைக்கு அழைத்துப்போனேன் ஹஜ்ரத்" என்றார். காய்ச்சல் என்று எழுதியிருந்தால், நானும் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போயிருப்பேன்.