மஞ்சள் இலைக்கெல்லாம் யூரியாவா?

மன்னார்குடி பக்கம் ஐந்து ஏக்கரில் நெல் சாகுபடி செய்யும் விவசாயி அவர். வயது 56. தாளடி நடவு முடிந்த அன்று வீட்டில் ஆட்டுக்கறி, ஈரல், குடல் என்று விருந்து. நண்பர்களோடு இரண்டு பாட்டில் பீரும் உள்ளே போனது. நடுராத்திரியில் வலது கால் பெருவிரலின் அடிமூட்டில் சுள்ளென்று வலி. விடிவதற்குள் விரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போனது.

"வயல்ல ஏதோ கடிச்சிருக்கும்" என்று மனைவி மஞ்சள் பற்றுப் போட்டார். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கினார். ஒரு வாரத்தில் சரியானது. இரண்டு மாதம் கழித்து மறுபடியும் அதே வலி. இம்முறை மருத்துவரிடம் போனார்.

"போன தடவை சாப்பிட்ட மாத்திரையையே எழுதிக் கொடுங்க" என்றவரிடம் மருத்துவர் கேட்டார்: "பயிர் மஞ்சளானா எல்லாத்துக்கும் யூரியாதான் போடுவீங்களா?"

அவருக்குச் சட்டென்று புரிந்தது. அடி இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. குருத்து வெளுத்தால் இரும்புச்சத்துக் குறை. விரல் வலியும் அப்படித்தான்.

அவருக்கு வந்தது யூரிக் அமிலக் கோளாறு. சிறுநீரில் வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் ரத்தத்தில் மிகுந்தால், ஊசி போன்ற படிகங்களாக மூட்டில் படியும். உடலில் குளிர்ச்சியான கடைக்கோடி என்பதால் பெருவிரலைத்தான் பெரும்பாலும் முதலில் பிடிக்கும். வலிக்கும்போது காலை உயர்த்தி வைத்து ஓய்வெடுக்க வேண்டும். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை 15 நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். உருவித் தேய்க்கக் கூடாது. ஈரல், குடல், நெத்திலி, மத்தி ஆகியவற்றைக் குறைத்து, மதுவை நிறுத்த வேண்டும். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வலி மாத்திரையைத் தாங்களாகவே வாங்கிச் சாப்பிடுவது ஆபத்து.

அவர் மனைவிக்கும் பெருவிரல் வலி உண்டு. ஆனால் அது நகத்தால் வந்தது. நகத்தின் ஓரத்தை உள்ளே தோண்டி வெட்டியதால், வளரும் நகம் சதையில் குத்தியது. நடவுச் சேற்றில் நின்று நின்று அது நகச்சுற்றாகிச் சீழ் வைத்தது. நகத்தை நேராக வெட்டுவது, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை வைத்து, பிறகு ஈரம் போகத் துடைப்பது ஆகியவை ஆரம்பத்தில் உதவும். சீழ் வைத்துவிட்டால் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

அந்த வீட்டில் விரலை இழந்தவரோ, வலியே இல்லாதவர். அவருடைய அண்ணன். பத்து வருடச் சர்க்கரை நோயாளி. அறுவடை முடிந்த வயலில் வெறுங்காலோடு நடந்தபோது பெருவிரலில் தாள் குத்தியது தெரியவே இல்லை. துர்நாற்றம் வந்த பிறகுதான் பார்த்தார்கள். விரலை எடுக்க வேண்டியதாயிற்று. "வலிச்சிருந்தா அன்னைக்கே போயிருப்பேன்டா தம்பி" என்பார் அவர்.

சர்க்கரை நோய் நரம்பின் உணர்ச்சியை மழுங்கடித்துவிடும். அதனால் அவர்கள் தினமும் கண்ணால் பார்த்துத்தான் காலைச் சோதிக்க வேண்டும். சூடு தெரியாது என்பதால் வெந்நீரில் கால் வைக்கக் கூடாது. சிறு புண் என்றாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இப்போது அந்த வீட்டில் மூவருமே செருப்பில்லாமல் களத்துமேட்டில் இறங்குவதில்லை. ராத்திரி படுக்கும் முன் தம்பி டார்ச் அடித்து அண்ணனின் கால்களைப் பார்க்கிறார், பயிரில் பூச்சி பார்ப்பதைப் போல.