எர்த்தைப் பாருடா

அப்பா விட்டுப்போன 1978 பத்மினியில் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, மெகாஸ்குவர்ட் கம்ப்யூட்டர் வைத்து இன்ஜெக்‌ஷனாக மாற்றினேன். பென்ஷன்காரனுக்கு வேறென்ன வேலை! இரண்டு மாதம் ஒயரோடு மல்லுக்கட்டியபின் வண்டி கிளம்பியது. ஆனால் ஹெட்லைட் போட்டால் இன்ஜின் திணறும். பெட்ரோல் நெடி அடிக்கும். "வித்துத் தொலைச்சிடலாம்" என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

தப்பு என்னுடையதுதான். சூட்டைப் பார்க்கும் சென்சாரின் எர்த் ஒயரைப் பக்கத்தில் இருந்த பாடி போல்ட்டில் முறுக்கியிருந்தேன். விளக்கின் கரண்டும் அந்தத் துருப்பிடித்த தகடு வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது. அந்தச் சின்ன வோல்ட்டேஜ் வித்தியாசத்தில் ஏமாந்து, இன்ஜின் ஆறிவிட்டதென்று கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலை ஊற்றியிருக்கிறது. சென்சார் எர்த்தைத் தனி ஒயரில் கம்ப்யூட்டருக்கே கொண்டுபோனேன். சரியாகிவிட்டது.

விளக்கு மங்கினால் அப்பா முதலில் சொல்வது, "எர்த்தைப் பாருடா." அன்று காதில் வாங்கவில்லை. வண்டியை விற்கவில்லை.