வாப்பாவின் வண்டிக்கு வர்ணம் பூசிய கதை

மத்ரஸாவில் பாடம் நடத்துகிறவன் சுத்தியலும் உப்புத்தாளுமாக ஒரு பழைய வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தால் ஊர் என்ன பேசும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. 'ஹஜ்ரத்துக்குச் சம்பளம் பற்றவில்லை போலும்' என்று சிலர் இரங்கினர். வேறு சிலர், வாப்பா மறைந்த துயரத்தில் புத்தி சற்றுப் பேதலித்துவிட்டதாகவே முடிவு செய்துவிட்டனர். வரலாற்றில் பி.ஏ. பட்டம் பெற்ற எனக்கு, இரும்பைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது துருப்பிடிக்கும் என்பது ஒன்றே. ஆயினும் ஓராண்டுக்கும் மேலாக அந்த வண்டியுடன் நான் மல்லுக்கட்டியதற்குக் காரணம் ஒரு கடன்.

2021-ஆம் ஆண்டு வாப்பா மௌத்தானார்கள். ஜனாஸாவின் முன் நின்று, "மர்ஹூம் அவர்களிடமிருந்து யாருக்கேனும் வரவேண்டியது இருந்தால் என்னிடம் வாருங்கள்" என்று வழக்கப்படி அறிவித்தவன் மூத்த மகனாகிய நான்தான். மூன்றாம் நாள் தேங்காய் மண்டிக்காரர் ஒருவர் வந்தார். எழுபதைக் கடந்தவர், வாப்பாவின் நெடுநாளைய நண்பர். கேட்கவே கூச்சப்பட்டுக் கொண்டு அவர் நீட்டிய சிட்டையில் 1,75,000 ரூபாய் பற்று இருந்தது. கையெழுத்து வாப்பாவுடையதே. பாகப்பிரிவினைக்கு முன் தீர்க்கப்பட வேண்டியது கடன் என்பதைப் பிள்ளைகளுக்குப் பலமுறை பாடம் சொல்லியிருக்கிறேன். அன்று எனக்கே அது பாடமாக வந்து நின்றது. தம்பி அரபு நாட்டில் வேலையிழந்து திரும்பியிருந்த நேரம் அது. குடியிருக்கும் வீட்டைத் தவிர வாப்பா விட்டுச் சென்ற உடைமை என்று சொல்ல, கொல்லையில் நின்ற அந்தப் பச்சை வண்டி மட்டுமே இருந்தது.

அதனை எங்கள் அதிராம்பட்டினத்தில் 'மொட்டை ஜீப்பு' என்பார்கள். முன்புறம் மூக்கே இல்லாமல், சுவரை நிமிர்த்தி வைத்தாற்போல் இருக்கும் முகம். பின்புறம் திறந்த சரக்குத் தொட்டி. அமெரிக்காவின் வில்லீஸ் நிறுவனம் 1956-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட எஃப்.சி.-150 என்ற பிக்கப் வண்டிதான் இதன் மூலம். உருவத்தை வடித்தவர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் என்ற புகழ்பெற்ற வடிவமைப்பாளர். ஜீப்பின் அடிச்சட்டத்தின் மீதே, என்ஜினுக்கு மேலாக ஓட்டுநர் அமரும்படி செய்ததால் நீளம் குறைந்து சரக்குக்கு இடம் கூடியது. பிற்பாடு நம் நாட்டில் மகிந்திரா நிறுவனம் இதனைச் செய்து விற்றது. எஃப்.சி. வண்டிக்கு எஃப்.சி. வாங்கப் போகிறேன் என்று வாப்பா ஆண்டுதோறும் சிரிக்காமல் சொல்லுவார்கள்.

இடையே ஒரு செய்தி. அந்த நிறுவனம் 1945-இல் இரும்பு வணிக நிறுவனமாகத் தொடங்கியபோது அதன் பெயர் 'மகிந்திரா அண்ட் முகம்மது'. மகிந்திரா சகோதரர்களுடன் கூட்டுச் சேர்ந்திருந்த குலாம் முகம்மது, பிரிவினையின்போது பாகிஸ்தான் சென்று அந்நாட்டின் முதல் நிதியமைச்சராகவும் பின்னர் கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். 1948-இல் பெயர் மாறிற்று. வரலாறு படித்தவன் என்ற உரிமையில் இதை என் மாணவர்களிடம் சொன்னபோது, "அப்படியென்றால் பாதி வண்டி நம்முடையதா, உஸ்தாத்?" என்றான் ஒருவன்.

வாப்பா இவ்வண்டியை 1981-இல் பழைய வண்டியாகவே வாங்கினார்கள். மல்லிப்பட்டினத்துத் துறையிலிருந்து ஐஸ் பெட்டிகளில் மீனும், தோப்புகளிலிருந்து பட்டுக்கோட்டைக்குத் தேங்காயும் ஏற்றி ஓட்டியே எங்கள் மூவரையும் வளர்த்தார்கள். இருக்கைகளுக்கு நடுவே என்ஜினை மூடியிருக்கும் பெட்டியின் மேல் சாக்கை நான்காக மடித்துப் போட்டு என்னை உட்கார வைப்பார்கள். அந்தச் சூடு இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்தபோது, கொல்லைத் தென்னைகளில் ஒன்று அதன் கூரை மீது சாய்ந்தது. தோப்புகள் படுத்தபின் ஏற்றுவதற்குத் தேங்காயும் இல்லை. வாப்பா கடன் வாங்கியதும் அந்த நாட்களில்தான்.

பழைய இரும்பு வியாபாரி 45,000 ரூபாய்க்குக் கேட்டார். தரகர் ஒருவரோ, இதுபோன்ற வண்டிகளைச் சேகரிப்போர் கோவைப் பக்கம் இருப்பதாகவும், இருபதாயிரம் செலவிட்டு ஓட்டைகளைப் பட்டியால் அடைத்துப் பச்சை அடித்தால் இரண்டு லட்சம் நிச்சயம் என்றும் சொன்னார். "பெயிண்டுக்கு உள்ளே என்ன இருக்குன்னு யாருக்கு ஹஜ்ரத் தெரியப் போவுது?" என்றார் அவர். அந்த வாரம்தான் பெரிய வகுப்புக்கு வியாபாரப் பாடம் எடுத்திருந்தேன். விற்கும் பொருளில் உள்ள ஐபை, அதாவது குறையை, வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும் என்ற சட்டத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்ட கையின் சுண்ணக்கட்டித் தூள்கூட முழுதாகப் போயிராது. மறைத்து விற்ற பணத்தைக் கொண்டு மர்ஹூமின் கடனைத் தீர்ப்பது எப்படி? துருவை வெட்டியெறிந்து புதுத் தகடு வைப்பதே வழி. அதற்குப் பட்டறையில் கேட்ட கூலி என் ஐந்து மாதச் சம்பளம். ஆகவே நானே செய்வதென்று இறங்கினேன்.

பட்டுக்கோட்டையில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணன் எனக்கு ஆசிரியராக வாய்த்தார். வாப்பாவை அறிந்தவர். "முதல்ல காந்தம் ஒண்ணு கொண்டாங்க பாய்" என்றார். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை வண்டியின் உடலெங்கும் வைத்துப் பார்த்தோம். ஒட்டினால் இரும்பு, வழுக்கி விழுந்தால் உள்ளே பட்டி. இடப்பக்கக் கதவின் அடியில் காந்தம் தொப்பென்று விழுந்தது. உளியால் தட்டியதும் அடைபோலக் கனமான பட்டிக்கட்டி பெயர்ந்து வந்தது. அதன் பின்னால் ஒரு கைப்பிடி செய்தித்தாள் சுருட்டித் திணிக்கப்பட்டிருந்தது. எப்போதோ ஒரு பட்டறை செய்த வேலை. தகடு வைத்துப் பற்றவைத்ததாகச் சொல்லி வாங்கிய கூலியை வாப்பா தவணையாகக் கொடுத்தது என் நினைவில் உள்ளது.

கதவின் அடி விளிம்பில் மழைநீர் வடிவதற்கென்றே சிறு துளைகள் உண்டு என்பதும், அவை மண்ணால் அடைபட்டால் கதவு உள்ளிருந்தே அழுகும் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஐஸ் உருகிய உப்புநீர் தொட்டியின் தளத்தையும் தின்றிருந்தது. நல்ல இரும்பு தென்படும் வரை வெட்டினோம். அட்டையில் அளவெடுத்து, 20 கேஜ் தகட்டில் துண்டுகள் நறுக்கி வளைத்தேன். பற்றவைப்பதை முதலில் கழிவுத் தகடுகளில் பழகினேன்; ஓட்டை போட்டவையே அதிகம். ஒரே மூச்சில் கோடாகப் பற்றவைத்தால் சூட்டில் தகடு அப்பளம்போல் நெளிந்துவிடும். அங்கொரு புள்ளி, இங்கொரு புள்ளி என்று வைத்து, ஆறவிட்டு, மீண்டும் இடைவெளிகளை நிரப்ப வேண்டும். கதவுகளையும் தொட்டியையும் நான் முடித்தேன். முகப்பு மூலைகள் என்னால் ஆகவில்லை, அண்ணன்தான் செய்தார்.

கூரையின் ஒடுக்குதான் என்னை மிகவும் சோதித்தது. தென்னை விழுந்த பள்ளத்தின் நடுவில் உள்ளிருந்து ஓங்கி அடித்துத் தள்ளினேன். அன்று மாலை வந்து பார்த்த அண்ணன் தலையில் கை வைத்துக் கொண்டார். பள்ளம் எந்த வரிசையில் விழுந்ததோ அதற்குத் தலைகீழாகவே அதை எடுக்க வேண்டுமாம். கடைசியில் மடிந்தது வெளி விளிம்பு. ஆகவே விளிம்பிலிருந்து தொடங்கி, ஒருபுறம் டாலி என்ற இரும்புக் கட்டையைத் தாங்கலாகப் பிடித்து, மறுபுறம் மெல்லத் தட்டித் தட்டி நடுவுக்கு வர வேண்டும். நான் அடித்த அடியில் தகடு நீண்டுவிட்டது. நீண்ட தகடு கையால் அழுத்தினால் 'டப்' என்று உள்ளே போகும். விட்டால் வெளியே துள்ளும். ஆங்காங்கே காசளவு இடத்தைச் சிவக்கச் சூடேற்றி, தட்டி, ஈரத்துணியால் ஒற்றி அதனைச் சுருக்க மூன்று வெள்ளிக்கிழமைகள் பிடித்தன.

அதன்பின் பட்டி. பட்டியே கூடாதென்று எண்ணியிருந்தேன். அது என் அறியாமை. தகடு சரியானபின் எஞ்சும் மெல்லிய மேடுபள்ளத்திற்கு மட்டும், மூன்று மில்லிமீட்டருக்கு மிகாமல் இடுவது முறையான வேலையே. ஹார்ட்னரை அதிகம் கலந்தால் ஊசித்துளைகள் விழும்; குறைத்தால் இறுகாது. கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்க்க வேண்டும். விரலால் தேய்த்தால் விரல் தடம் பள்ளமாகும். சமமாகிவிட்டதா என்று கண்ணால் பார்ப்பதில் பயனில்லை. மெல்லிய துணியை விரித்து அதன்மேல் உள்ளங்கையை நீளமாக ஓட்டினால் கை சொல்லும். பழைய வர்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் முகக்கவசமிட்டு, தண்ணீர் விட்டே தேய்த்தேன். என் ஜுப்பாவில் படிந்த பச்சைக் கறைக்காக வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டதைப் பற்றி இங்கே வேண்டாம்.

2022 ஐப்பசியில் வர்ணம் பூசும் கட்டம் வந்தது. இன்று பட்டறைகளில் அடிக்கும் இருகலவை வர்ணத்தின் புகையில் ஐசோசயனேட் என்ற நச்சு உண்டு. தனிக் காற்றுக்குழாய் இல்லாமல் கொல்லையில் அதனை அடிப்பது நுரையீரலுக்குக் கேடு என்று அண்ணன் தடுத்தார். பழைய முறை என்.சி. வர்ணமே போதும் என்று முடிவாயிற்று. பதிவுப் புத்தகத்தில் உள்ள அதே பச்சை. வாடகைக் கம்ப்ரஸரை அருகில் வைத்துக் கொண்டு, பஜ்ரு தொழுத கையோடு தொடங்கி உற்சாகமாக அடித்து முடித்தேன். அரைமணி நேரத்தில் வண்டி முழுவதும் பனி படர்ந்தாற்போல் வெளுத்துப் போயிற்று! தின்னர் விரைந்து ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் வர்ணத்தின் மேல் படிவதால் வருவதாம் இது. கடற்கரை ஊரில், மழைக்காலத்தில், அதுவும் விடியற்காலையில் அடித்தவன் வேறெதை எதிர்பார்க்க முடியும்? திண்ணையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன் என்பதை மறைப்பதற்கில்லை. பதினான்காயிரம் ரூபாய் வர்ணம் அது.

மாசி வரை காத்திருந்தேன். பெயரை மாற்றும் காகித வேலைகளும், அதற்குத் தம்பி தங்கையின் ஒப்புதல் கையெழுத்தும் அதற்குள் முடிந்தன. வெளுத்ததைத் தேய்த்தெடுத்து, வறண்ட ஒரு நாளில் வெயில் ஏறியபின் மீண்டும் அடித்தேன். தகட்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கையை வளைக்காமல், முந்தைய பட்டையின் பாதியை அடுத்த பட்டை மூடும்படி. வலக்கதவில் ஓரிடத்தில் வர்ணம் ஒழுகிற்று. அதைத் தவிர மற்றவை நன்றாகவே வந்தன, அல்ஹம்துலில்லாஹ்.

தரகர் கோவையிலிருந்து ஒருவரை அழைத்து வந்தார். நடுத்தர வயதினர், வண்டியைச் சுற்றி வந்து, கூரையைத் தடவிப் பார்த்து, இரண்டு லட்சம் என்றார். தரகர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். பின்புறச் சட்டத்தின் குறுக்குத் தண்டு ஒன்றில் துரு ஆழமாகத் தின்றிருந்தது. அதை மாற்றத் தொட்டியையே கழற்ற வேண்டும். என்னாலும் அண்ணனாலும் ஆகவில்லை. துருவைச் சுரண்டி மேலே கறுப்பு அடித்திருந்தோம். பார்ப்பதற்குப் புதிது போலவே இருந்தது. இரண்டு லட்சம் என்றால் கடன் தீர்ந்து, என் கைச்செலவிலும் பாதி வந்துவிடும் என்று மனம் ஒரு கணம் கணக்குப் போட்டது உண்மை.

பாயை விரித்து, டார்ச்சை அவர் கையில் கொடுத்து, "கீழே படுத்து இந்த இடத்தைத் தட்டிப் பாருங்கள். இது நான் சரி செய்யாதது" என்றேன். தரகர் தொண்டையைச் செருமியபடி தெருப்பக்கம் போய்விட்டார். வந்தவர் நெடுநேரம் அடியில் கிடந்தார். எழுந்து சட்டையைத் தட்டிக் கொண்டு, தொட்டியைக் கழற்றித் தண்டு மாற்ற முப்பதாயிரம் ஆகும் என்று சொல்லி, 1,70,000 தந்தார். இடக்கதவை வெட்டி வேலை செய்தபோது என் மகள் எடுத்த புகைப்படங்களையும் கேட்டு வாங்கிக் கொண்டார்.

குறைந்த ஐயாயிரத்தைச் சேர்த்துக் கொண்டு அன்று அஸருக்குப் பின் மண்டிக்காரர் வீட்டுக்குச் சென்றேன். பெரியவர் இரண்டுமுறை எண்ணினார். சிட்டையை எடுத்துக் குறுக்கே கோடிழுத்து, தேதியிட்டு, என் கையில் கொடுத்தார். பின்பு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கொண்டே கேட்டார்:

"வண்டியை என்ன கலர்ல தம்பி கொடுத்தீங்க?"

"அதே பச்சைதான், மாமு."

"உங்க வாப்பா வேற கலர் அடிக்க விட்டிருக்கமாட்டாரு" என்றவர், உள்ளே திரும்பி எனக்குத் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.